பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

இந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே போர்டுதான், வேறு எங்கே பார்ப்பது. பச்சை அடித்து மஞ்சளில் எழுதிய போர்டு, இருபத்து மூன்று பெயர், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வால். பி.டி. மாஸ்டருக்கு வால் நீளம், எம்.ஏ., எம்.பி.எட்., எம்.பில்., அது அடுத்த வரிக்கு மடங்கிக் கீழே இருக்கிற கணக்கு டீச்சர் தலையில் இடிக்கிறது. ஒன்பதாவது வரி நான். திருமதி க. மாரீஸ்வரி, பி.ஏ. மஞ்சள் இன்னும் மங்கவில்லை, நல்ல பெயின்ட், சிவகாசியில் எழுத்து விஷயத்தில் ஏமாற்ற மாட்டார்கள். ஏழாவது பீரியட் எனக்கு ஃப்ரீ, நாற்பது நிமிடம், அதற்குள் இந்தக் கதவு திறக்க வேண்டும், நான் உள்ளே போக வேண்டும், ஹெச்.எம். பாக்கியத்தாய் மேடத்திடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மேடம், நான் பி.ஏ. இல்லை. அவ்வளவுதான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். உள்ளே யாரோ பிள்ளையைப் பெற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், குரல் வருகிறது, வார்த்தை வரவில்லை. மடியில் போன். போனுக்குள் காலையில் வந்த மெயில், எட்டு முறை படித்தாயிற்று. கம்போடியாவில் பட்டாம்பாங் என்கிற ஊரில் ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடம், அங்கிருந்து மிஸ் சொப்பீப் எழுதியிருக்கிறார். உங்கள் விண்ணப்பத்தில் பட்டம் இல்லை என்று இருக்கிறது, உங்கள் பள்ளி கொடுத்த அனுபவக் கடிதத்தில் பி.ஏ. என்று இருக்கிறது, எது சரி? பட்டம் இல்லாவிட்டாலும் எங்களுக்குச் சம்மதம்தான், ஆனால் வொர்க் பெர்மிட்டுக்குக் கொடுக்கிற காகிதங்கள் ஒன்றோடொன்று சண்டை போடக் கூடாது, கடிதம் கொடுத்தவரே திருத்திப் பட்டம் இல்லை என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், இன்று மாலைக்குள். எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார். மரியாதையாகக் கேட்பவரிடம் மழுப்பவும் முடியாது.

கிளார்க்கிடம் போய், அண்ணே அந்த ரெண்டு எழுத்தை மட்டும் எடுத்துட்டு வேற பிரின்ட் போட்டுக் குடுங்க என்று கேட்டால் என்ன என்று மெயிலை முதல் தடவை படித்தபோது நினைத்தேன். மேடம் படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் போடுவார். அந்த வாசலையும் மிஸ் சொப்பீப் அடைத்துவிட்டார். பட்டம் இல்லை என்று தெளிவாக. அந்தத் தெளிவாக என்கிற வார்த்தைதான். இந்தப் போர்டு என்னைப் பார்த்து முழிக்கிற முழி. நானா உன்னை எழுதச் சொன்னேன். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் இதிலே வேடிக்கை, சத்தியமாக ஒருவரும் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரவில்லை, வரலை மேடம் என்றுதான் சொன்னேன், சரிம்மா வந்ததும் கொண்டாந்து குடு என்று டெம்பரரியாக எடுத்துக்கொண்டார். ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடிக்கிற ஊரிலே கல்யாணப் பத்திரிகை என்றால் சும்மாவா, மூன்று தடவை புரூஃப். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் டி.பி.டி., பிரின்டிங் டிப்ளமோ. பொண்ணு பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பேனாவை எடுத்தார். "என்ன மொட்டையா நிக்கிது? ரிசல்ட் வந்தாப் போடத்தான போறோம், இப்பவே போட்டுருவோம், அப்புறம் பத்திரிகையைத் திருப்பி வாங்கியா போட முடியும்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் பத்திரிகையை மஞ்சள் தடவி மேடத்துக்குக் கொடுத்தேன். கிளார்க் அண்ணன் அந்தப் பத்திரிகையைப் பார்த்து ஸ்டாஃப் லிஸ்ட்டில் ஏற்றினார், லிஸ்ட்டைப் பார்த்து பெயின்டர் போர்டில் ஏற்றினார், போர்டைப் பார்த்து ஊரே ஏற்றிக்கொண்டது. எல்லாம் முடிந்து தீபாவளிக்கு முந்தின வாரம் ரிசல்ட் வந்தது.

முப்பத்தொன்று. நாற்பது வேண்டும். இங்கிலாந்தின் சமூக வரலாறு என்று ஒரு பேப்பர், அலைடு பாடம், மற்ற எல்லாம் பாஸ், ஷெல்ஃப் நிறைய கதையும் கவிதையும் நாடகமும் பாஸ், இந்த ஒன்று மட்டும் நின்றுவிட்டது. யாரோ ராஜா யாருடைய நிலத்தையோ வேலி போட்டு வளைத்தார், அதனால் ஆடுகள் என்னமோ ஆயின, அதிலே ஒன்பது மார்க் போச்சு. அதற்கப்புறம் மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை முப்பத்தைந்து. இரண்டாவது முப்பத்தாறு. அப்படியே ஊர்ந்து ஊர்ந்து போனால் என்றைக்காவது நாற்பது வந்திருக்கும், ஆனால் மூன்றாவது தடவை மறுபடி முப்பத்தொன்று, அந்த ஆடுகளுக்கு என் மேல் என்ன கோபமோ. பிறகு மாமியாருக்கு இடுப்பெலும்பு, பிறகு சிலபஸ் மாறிவிட்டது என்றார்கள், பிறகு அரியர் எழுதக் கொடுத்திருந்த கெடு முடிந்துவிட்டது என்று ஒரு ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒருவர் தலையைத் தூக்காமல் சொன்னார். இன்னும் சில மத்தியானங்களில் கண்ணசந்தால் அந்தப் பரீட்சை ஹால் வருகிறது. வெயில் மேஜை மேல் சாய்ந்து கிடக்கும், கேள்வித்தாள் முழுக்க வெள்ளையாக இருக்கும், நான் மட்டும் எழுதிக்கொண்டே இருப்பேன், அடிஷனல் ஷீட் கேட்டுக் கேட்டு வாங்குவேன், தாளைக் கட்ட நூல் கிடைக்காது. கல்யாணமாகி மூன்றாம் நாளே இவரிடம் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே எனக்கு அந்த ஆடுகள் மேல் சந்தேகம். ஒருவேளை ஊத்திக்கிச்சுன்னா என்றேன். கனகவேல் சிரித்தார், ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவர், அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து சிரிப்பும் உரக்கத்தான் வரும். "அச்சாகிப் போனதை எவன் அழிக்க முடியும்? விடு." விட்டேன். அவர் விடச் சொன்னதால் விடவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். மேடம் புதிதாக அட்மிஷனுக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, எங்க இங்கிலீஷ் டீச்சர், பி.ஏ. லிட்ரேச்சர் என்பார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறார்கள். ஏழேழு நாற்பத்தொன்பது. கொஞ்ச நேரம் கேட்டால் அர்த்தம் போய்விடுகிறது, சத்தம் மட்டும் வராண்டாவில் ஏறி இறங்குகிறது, தூக்கம் வருகிற மாதிரி. தூங்கக் கூடாது. பிரிசில்லாவின் கால் ஞாபகம் வருகிறது, ஏன் இப்போது. இங்கே எனக்கு ரெண்டு வருடம் சீனியர் பிரிசில்லா, வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை என்று மதுரையில் ஒரு ஏஜென்ட் மூலம் போனாள், டூரிஸ்ட் விசாவில், அவனே ஏற்பாடு செய்த ஒரு டிகிரியோடு. அந்த ஏஜென்டிடம் நானும் ஒரு தடவை போனேன், பொய் சொல்வானேன். ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற மாதிரி மேஜையில் எடுத்துப் போட்டான். "எந்த யுனிவர்சிட்டி வேணும்னு நீங்களே சொல்லுங்க மேடம். மூணு வருஷ டிகிரி அங்க எடுக்க மாட்டாங்க, நாலு வருஷமாவே போட்டுரலாம். ஒரு வருஷம் கூடத்தான இருக்கட்டுமே." முத்திரையெல்லாம் அசலைவிட அழகாக இருந்தது. எங்கள் ஊர் அச்சாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன், தாளைத் தடவிப் பார்த்தேன், நல்ல கனம், நல்ல ஜிஎஸ்எம். பெரிய பெரிய நாடெல்லாம் நாலு வருடப் பட்டம்தான் கேட்கிறது, அதுதான் எனக்குச் சிரிப்பு, என் ஆடுகள் என்னை விட்டிருந்தாலும் எனக்கு மூன்று வருடம்தான் இருந்திருக்கும், அந்த நாலாவது வருடம் எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். நல்லவள் என்பதால் அல்ல, பயம். பிரிசில்லா திரும்பி வந்து சொன்னதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது கீழே போலீஸ் ஜீப் வந்து நின்றதாம், மொட்டை மாடிக்கு ஓடி, காயப் போட்ட துணிக்குப் பின்னால் நின்றாளாம். "கால் வெளிய தெரியும்ல, அது எனக்குத் தோணவேயில்லடி. பெட்ஷீட்டுக்குக் கீழ என் ரெண்டு காலு. ஸ்கூல்ல பிள்ளைங்க ஒளிஞ்சு விளையாடுறப்ப நிக்கும்ல, அப்படி." அவ்வளவு நல்லா இங்கிலீஷ் பேசுவாள். இப்போது துணிக் கடையில் பில் போடுகிறாள், தேங்க்யூகூடச் சொல்வதில்லை, நன்றிங்க என்கிறாள். அந்தக் கால்களைத்தான் நான் கனவில் பார்க்கிறேன், அவை சில சமயம் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

போனால் காலை மறைக்காமல் போக வேண்டும், அது மட்டும் முடிவு செய்தேன். அதற்கப்புறம் தேடினது ரெண்டு வருடம். பட்டம் கேட்காத நாடு, பட்டம் இல்லையென்று சொல்லியே போகிற வழி, பர்மிட் கொடுக்கிற பள்ளிக்கூடம். பட்டாம்பாங்கிலிருந்து எழுதினார்கள், நூற்றிருபது மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், அதிலே ஆறு மணி நேரமாவது ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க நீங்கள் வகுப்பு எடுத்திருக்க வேண்டும், போலீஸ் சான்று வேண்டும், உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும், அனுபவக் கடிதம் வேண்டும், பர்மிட் நாங்கள் எடுக்கிறோம். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டய்யா என்னைப் பார்த்து எழுந்து நின்றார், அவர் பையன் என்னிடம் படித்தவன். சனிக்கிழமை சனிக்கிழமை மதுரைக்கு பஸ். பயிற்சியில் எனக்கு வாய்த்தவர் டயானா மேடம், என்னைவிட எட்டு வயது சின்னவர், பின் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்தார், நான் ஒரு மணி நேரம் வெளுத்துக் கட்டினேன், பன்னிரண்டு வருட சர்வீஸ் அல்லவா. முடிந்ததும் நோட்டைக் காட்டினார். நாற்பத்தியிரண்டு கேள்வி கேட்டிருக்கீங்க, நாற்பதுக்கு நீங்களே பதில் சொல்லியிருக்கீங்க. எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. "கேட்டுட்டு அஞ்சு செகண்ட் பொறுங்க அக்கா. மனசுக்குள்ள எண்ணுங்க. ரொம்ப நீளமாத் தெரியும். அப்பத்தான் அவங்க வாயத் திறப்பாங்க." வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன், ஐந்து வினாடி என்பது எவ்வளவு பெரிய மைதானம். திங்கட்கிழமை ஆறு பி-யில் கேட்டேன், ஆற்றில் என்ன இருக்கும் என்று, இங்கிலீஷில்தான் கேட்டேன், கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு எண்ணினேன். மூன்று வரைக்கும் ஒன்றுமில்லை. நாலு எண்ணும்போது ஒருத்தி, எப்போதும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பவள், சேண்ட் மிஸ் என்றாள். மணல். எங்கள் ஊர் ஆற்றில் அதுதானே இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக நானே வாட்டர், வாட்டர் என்று சொல்லிக்கொடுத்து, அதையே திருப்பி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் படத்தைப் பார்க்கலாம், பார்த்தால் பேட்டரி போகும், போகட்டும். பழுப்புத் தண்ணீர், அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. கரையில் மஞ்சள் கட்டடம், வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள், ஒரு ஜன்னல் ஆற்றுப் பக்கம். அந்த ஜன்னல்தான் என் வகுப்பு என்று நானே வைத்துக்கொண்டேன். அங்கே ஒரு பிள்ளைக்கும் தமிழ் தெரியாது. நான் திணறினால் தமிழில் இறங்கிக் கரையேற முடியாது, அவர்களும் நானும் இங்கிலீஷில்தான் சந்தித்துக்கொள்ள வேண்டும், ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத வீட்டில் விருந்தாளிகள் பேசிக்கொள்கிற மாதிரி மெதுவாக, பார்த்துப் பார்த்து. அதுதான் ஆசை. வேறென்னவோ சொல்லியிருக்கிறேன் எல்லாரிடமும், ஒரு வருடம்தான், அனுபவம், வந்தால் மதிப்பு என்றெல்லாம். ஆசை அதுதான். பன்னிரண்டு வருடமாக நடத்துகிற பாஷையில் ஒரு ஆளிடமாவது நிஜமாகவே, பசிக்குதா, ஏன் அழுகிறாய், நாளைக்கு வருவாயா என்று கேட்டு, அது போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். இவர் புரிந்துகொண்டாரா தெரியாது. "போயிட்டு வா. நான் சோறு பொங்கத் தெரிஞ்சவன்தான. அங்கிட்டு மீன் நல்லா இருக்குமாம்" என்றார். பிறகு மெஷின் மை படிந்த விரலால் போனில் அந்த ஆற்றைப் பெரிது பண்ணிப் பெரிது பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார், வெறும் பழுப்பு நிறமாகும் வரை.

ஒத்திகை பார்க்கலாம். மேடம், நீங்க குடுத்த லெட்டர்ல ஒரு சின்ன மிஸ்டேக். சின்ன இல்லை. மேடம், ஒரு விஷயம் சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. ஏன் கோபிக்கக் கூடாது, நன்றாகக் கோபிக்கலாம். மேடம், நான் பி.ஏ. அங்கேயே நின்றுவிடுகிறது. பி.ஏ. வரைக்கும் வந்து, அதற்குப் பிறகு வர வேண்டிய ஒரு வார்த்தைக்கு நாக்கு மேலே எழும்ப மாட்டேன் என்கிறது. இங்கிலீஷில் சுலபமாக இருந்தது. விண்ணப்பத்தில் டிகிரி இருக்கிறதா என்று ஒரு கட்டம், நோ என்பதில் ஒரு டிக், ஒரு வினாடிகூட ஆகவில்லை, வலிக்கவும் இல்லை. வேறு யாரோ ஒருத்திக்கு டிகிரி இல்லை என்ற மாதிரி இருந்தது. தமிழில் சொன்னால் அது நான். அதைக் கேட்கிறவர் பாக்கியத்தாய் மேடம், கேட்ட பிறகு அவர் முகம் ஒன்று இருக்கும், அந்த முகம் நாளைக்கும் இருக்கும். சொன்னால் ஜூனில் இங்கே வேலை இருக்காது, தெரிந்ததுதான், எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும். சொல்லியும் அங்கே கிடைக்காவிட்டால். அந்த நினைப்பை மட்டும் முழுதாக நினைக்க விடுவதில்லை, பாதியிலேயே ஆற்றைப் பார்க்கப் போய்விடுகிறேன். சொல்லாவிட்டால் என்ன. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. மெயில் கீழே போய்விடும், மிஸ் சொப்பீப் மறந்துவிடுவார், போர்டு இருக்கும், நான் இருப்பேன், ஜூன் வரும், அட்மிஷனுக்கு வருகிறவர்கள் முன்னால் தலைப்பைச் சரிசெய்து குனிவேன். குனிந்த இடத்திலிருந்து எது தெரியும் என்றால், என் ரெண்டு கால் தெரியும்.

"என்ன டீச்சர், தன்னாலப் பேசுறீங்க?" சீனியம்மாள் அக்கா. ஆயா. கையில் டீத்தட்டு. உள்ளே இருக்கிறவர்களுக்கு. எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து நீட்டுகிறார். பேசினேனா அக்கா என்றேன். "உதடு அசைஞ்சுச்சு. போர்டப் பாத்துச் சாமி கும்பிட்ட மாதிரி இருந்துச்சு." பக்கத்தில் நின்று அவரும் போர்டைப் பார்த்தார், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், படிப்பதில்லை. "எம் பேரு இதுல இல்ல. எப்பவாச்சும் தோணும், இருவத்தாறு வருசமா நானும்தான இங்க வேலை பாக்கேன். அப்புறம் நினைப்பேன், போட்டா பேருக்குப் பின்னாடி என்னத்தப் போடுவாக?" சிரித்துக்கொண்டே கதவை முழங்கையால் தள்ளி உள்ளே போனார். வெறும் பெயரைப் போட்டால் என்ன அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், கதவு சாத்திக்கொண்டது. டீ சூடு. விரலை மாற்றி மாற்றிப் பிடிக்கிறேன். வெயில் வராண்டா முனையிலிருந்து தரையில் வந்துகொண்டிருக்கிறது, மெதுவாக, பழுப்பாக, அகலமாக, என் செருப்பைத் தொட இன்னும் ஒரு சாண். அது தண்ணீராக இருந்தால் காலைத் தூக்கிக்கொள்வேனா, நனையட்டும் என்று விடுவேனா. விடுவேன். மூன்றாம் வகுப்பு எட்டாம் வாய்ப்பாட்டுக்கு வந்துவிட்டது, குரல்கள் தண்ணீருக்கு மேலே போகிற படகிலிருந்து வருகின்றன, ஜன்னல் ஆற்றுப் பக்கம் திறந்திருக்கிறது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை திரும்பி, மிஸ், ஆர் யூ பி.ஏ. என்று கேட்கிறது, நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன்.

கதவு திறந்துவிட்டது. பெற்றோர்கள் போகிறார்கள், கும்பிடுகிறார்கள், யாரைக் கும்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கும்பிடுகிறார்களோ. "வாங்க டீச்சர், ரொம்ப நேரமா இருக்கீங்களாமே" என்று மேடம் குரல். டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன், உள்ளே போனேன், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, ஒத்திகை பார்த்ததில் ஒன்றுகூட ஞாபகமில்லை. "மேடம், நீங்க குடுத்த லெட்டர்ல பி.ஏ.ன்னு இருக்கு. நான் பி.ஏ. முடிக்கல மேடம்." சொல்லிவிட்டேன். என் குரல்தான். உடனே அடுத்து, சித்தப்பா, பத்திரிகை, கிளார்க் அண்ணன், ஆடுகள், எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டின. நானே பதில் சொல்கிற பழக்கம். வாயை இறுக மூடிக்கொண்டேன். ஒன்று. ஃபேன் சுற்றுகிறது. இரண்டு. மேஜைக் கண்ணாடிக்குக் கீழே போன வருட ஸ்டாஃப் போட்டோ. மூன்று. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். நாலு. "முடிக்கலேன்னா?" ஒரு பேப்பர் நின்னுபோச்சு மேடம், மூணு தடவை எழுதினேன், அப்புறம் கெடு முடிஞ்சிருச்சு. "பன்னெண்டு வருசமா?" ஆமா மேடம். "நான் எத்தனை பேர்ட்ட சொல்லிருக்கேன். உன்னைப் பக்கத்துல நிக்க வச்சுச் சொல்லிருக்கேன்." நீங்க போய் நீ வந்துவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" சொல்லிருக்கணும் மேடம். அவர் முகம் சிவக்கவில்லை, கத்தவில்லை, என்னமோ தொலைத்துவிட்ட மாதிரி மேஜை மேல் கையால் தடவினார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "தெரிஞ்ச பெறகு நான் ஜூன்ல உன்னை எடுக்க முடியாது. கமிட்டி என்னைக் கேக்கும்." தெரியும் மேடம். "அங்கிட்டும் கிடைக்கலேன்னா?" ஐந்து வரை எண்ணினேன். பத்து வரை எண்ணினேன். என்ன எழுதித் தரணும் என்று கேட்டார். மெயிலைக் காட்டினேன். படித்தார், போனைத் திருப்பித் தரவில்லை, மேஜையில் கவிழ்த்து வைத்தார், லெட்டர் பேடை இழுத்தார். கிளார்க்கைக் கூப்பிடவில்லை. தன் கையாலேயே எழுதினார், பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி. என் பெயரை எழுதியதும் பழக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்துவிட்டார், அதைப் பார்த்தார், சுழித்து முற்றுப்புள்ளி ஆக்கினார். கையெழுத்து, சீல். என் பக்கம் தள்ளினார், முகத்தைப் பார்க்கவில்லை. "போர்டை பெயின்டர் வந்து பாத்துக்கட்டும். நீ கிளாஸுக்குப் போ."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன், டீ ஆடை கட்டியிருந்தது, அதையே குடித்தேன். கண்ணிலிருந்து வந்துகொண்டிருந்ததை வரவிட்டேன். பன்னிரண்டு வருடத்தை நான் எழுந்து போய் ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட்டு வந்திருக்கிறேன், எனக்கு ஏன் முதுகு இவ்வளவு லேசாக இருக்கிறது, வெட்கமாக இருந்தது. பிறகுதான் கடிதத்தைப் படித்தேன். இங்கிலீஷில் மூன்றே வரி. எங்கள் முந்தைய கடிதத்தில் இவர் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இருந்தது தவறு. திருமதி மாரீஸ்வரியிடம் பட்டம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வருடம் என் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியும் அது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரியில்தான் பேனா அதிகம் அழுத்தியிருந்தது, தாளுக்குப் பின்புறம் தடவினால் எழுத்து தட்டுப்பட்டது. கோபத்தில்தான் எழுதியிருக்கிறார், ஏமாந்துவிட்டேன் என்று உலகத்துக்குச் சொல்கிற கோபம், என்னை வாழ்த்த வேண்டும் என்று அவருக்கு எண்ணமே இல்லை. திரும்பப் படித்தேன். பன்னிரண்டு வருடம். அது எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு வரியை ஏதாவது யுனிவர்சிட்டி எழுதித் தந்திருந்தால் நான் ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பேன். போட்டோ எடுத்தேன், முதல் தடவை விரல் விழுந்துவிட்டது, மறுபடி எடுத்தேன், அனுப்பினேன். போய்விட்டது. எழுந்து போர்டுக்குக் கிட்டே போனேன், இத்தனை வருடத்தில் இவ்வளவு கிட்டே வந்ததில்லை. ஒன்பதாவது வரியில் கட்டை விரலை வைத்து அந்த ரெண்டு எழுத்தையும் மறைத்துப் பார்த்தேன். திருமதி க. மாரீஸ்வரி. மொட்டையாகத்தான் இருந்தது. சித்தப்பா சொன்னது சரிதான். ஆனால் படிக்க முடிந்தது, வாய்விட்டு ஒரு தடவை படித்தும் பார்த்தேன். எட்டாவது பீரியட் மணி அடித்தது. ஆறு பி-யில் பிள்ளைகள் எழுந்து நின்று குட் ஆஃப்டர்நூன் மிஸ் என்றார்கள். கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டுத் திரும்பி, கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பொறுத்தேன்.